சிவப்பில் நின்ற முள்

அந்தச் சிவப்புப் போத்தலுக்கு அற்புதமலர் ஒரு துவாயைப் போர்த்தி மூடியிருந்தாள்.

தூசு படாமல் இருக்க அல்ல. அதன் கழுத்தில் ஒரு கண் இருந்தது. வியாழக்கிழமை அதை வீட்டுக்கு எடுத்து வந்தது தொடங்கி அந்தக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காக.

இத்தாலியில், பலேர்மோவின் கால்சாப் பகுதியில் குடியிருக்கும் தமிழர்கள் தீயணைப்பானைச் சிவப்புப் போத்தல் என்றுதான் சொல்வார்கள். போத்தலின் கழுத்தில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய வட்டக் கண்ணாடி. கண்ணாடிக்குள் ஒரு முள். முள் பச்சையில் நின்றால் உள்ளே அமுக்கம் இருக்கிறது. பிடியை அமுக்கினால் தூள் சீறிப் பாய்ந்து தீயின் குரல்வளையைப் பிடிக்கும். முள் சிவப்பில் சாய்ந்துவிட்டாலோ அது வெறும் இரும்பு. தலையணைக்கு உதவாது, தராசுக்கும் உதவாது.

துவாய்க்குக் கீழே இருந்த முள் சிவப்பில் சாய்ந்து கிடந்தது. நேற்றுச் சாய்ந்ததல்ல. யூலை மாதத்திலேயே சாய்ந்துவிட்டது. அதை அறிந்தவர்கள் பலேர்மோ மாநகரில் இரண்டே பேர். ஒருத்தி, தீக்காவல் சங்கத்தின் தனாதிகாரி அற்புதமலர். மற்றவன், அவள் கணவன் பீலிக்ஸ்.

வியாழன் பின்னேரம் நாலாம் படிக்கட்டில் நடந்ததைப் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புனிதமலரின் குசினியில் காஸ் குழாய் பற்றியது. கைக்குழந்தையோடு அவள் மூலையில் ஒடுங்கி நின்று அலறினாள். அரசாங்கத்துத் தீயணைப்பு வண்டி, அந்தச் சந்துக்குள் நுழைய வழியில்லாமல், தெருமுனையில் நின்று ஊளையிட்டது. சங்கத்தின் தொண்டன் சோதிலிங்கம் படிக்கட்டில் மாட்டியிருந்த போத்தலைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். அமுக்கினான். போத்தல் இருமக்கூட இல்லை.

அவன் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. போத்தலை எறிந்துவிட்டு, தீப்பிடித்த சிலிண்டரை வெறுங்கைகளால் பற்றி இழுத்து முற்றத்தில் தள்ளினான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சோதிலிங்கத்தின் கைகள் இரண்டும் வெந்தன.

ஊர் என்ன சொன்னது? ஆள் பதறிவிட்டான் என்றது. போத்தலைப் பிடிக்கத் தெரியவில்லை என்றது. பாழாய்ப்போன அந்தச் சோதிலிங்கமும் "ஓம், எனக்குத்தான் கை நடுங்கிட்டுது போல" என்று தலையை ஆட்டினான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மாதா கோவில் மண்டபத்தில் சங்கக் கூட்டம்.

"இதை ஏன் இன்னும் இஞ்சை வச்சிருக்கிறீர்?"

பீலிக்ஸ் சவரம் செய்த கன்னத்தைத் துடைத்தபடி குசினி வாசலில் நின்றான். துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பலுக்குச் சாமான் ஏற்றும் வேலை அவனுக்கு. தோள் அகன்றவன், குரலும் அகன்றது. இன்றைக்கு அந்தக் குரல் தாழ்ந்திருந்தது.

"வேறை எங்கை வைக்க?"

"எங்கட துறைமுகத்தில பழைய இரும்பு ஏத்திற மேடை இருக்கு. நாளைக்குக் காலமை கொண்டுபோய்ப் போட்டிடுறன். அதோட முடிஞ்சுது."

"சோதிலிங்கத்தின்ரை கையையும் அதுக்குள்ளையே போட்டிடுவீங்களோ?"

பீலிக்ஸ் முகம் துடைத்த துவாயைத் தோளில் எறிந்தான். "மெதுவாக் கதையும். பிள்ளை கேக்கப்போறாள். இஞ்சரும், அந்த மனுசனே தன்னிலை பிழை எண்டு சொல்லுறார். பிறகு நீர் ஏன் குறுக்கை விழுறீர்?"

"அவர் பிழை செய்யேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்டும் தெரியாது. போத்தல் பார்க்கிறது உம்மடை வேலை. காசு வச்சிருக்கிறதும் உம்மடை வேலை."

சொல்லிவிட்டு அவன் தானே திடுக்கிட்டான். சொன்ன சொல் பொய்யல்ல. அதுதான் அவளைக் கொன்றது.

ஓம், அவளுடைய வேலைதான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நத்தார்ப் பண்டிகை வாரத்தில் ஒரு குடும்பம் தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் தீக்குக் கொடுத்துவிட்டு உடுத்த உடுப்போடு தெருவில் நின்றது. அந்தத் தெருவிலேதான் சங்கம் பிறந்தது. வீட்டுக்கு வீடு மாதச் சந்தா. படிக்கட்டுக்குப் படிக்கட்டு ஒரு போத்தல். தொண்டருக்குத் தொண்டர் ஒரு விசில். தீயில் காயப்பட்ட தொண்டனுக்குக் கை சுகமாகும்வரை சங்கம் கூலி கொடுக்கும் என்று ஒரு விதி. காசு யாரிடம் இருப்பது என்ற கேள்வி எழுந்தபோது எல்லா விரலும் அற்புதமலரைக் காட்டின. வீட்டு எசமானி சிஞ்ஞோரா தன் மோதிரத்தை மேசையில் மறந்து வைத்துவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிற வீட்டில் வேலை செய்கிறவள் அல்லவா? இத்தாலியத் தீயணைப்பு வீரன் ஒருவனிடம் பாடம் கேட்டு, மாதத்தின் முதல் சனிக்கிழமை படிக்கட்டுப் படிக்கட்டாய் ஏறி, போத்தலைக் கவிழ்த்துக் குலுக்கி, தூள் கட்டிபடாமல் காத்து, முள்ளைப் பார்த்து இறங்குவாள். தொண்டர்களுக்குப் பாடம் சொன்னவளும் அவளே.

யூலை மாதச் சனிக்கிழமையன்று நாலாம் படிக்கட்டு முள் சிவப்பில் சாய்ந்ததைக் கண்டாள். மற்றப் போத்தல்களும் எல்லைக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் தூள் மாற்றவும், புதுக் குழாய் ஒன்று வாங்கவும் காசு தயாராகத்தான் இருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் பீலிக்ஸ் மாதா பெருநாள் குழுக் கூட்டத்திலிருந்து நெருப்பாய் வந்தான்.

"சீசாப் பகுதிக்காரர் ஆறாம் நவநாளுக்குப் பித்தளை வாத்தியம் பிடிச்சிருக்கினமாம்! ஏழாம் நவநாள் எங்கட பகுதியின்ரை. நாங்கள் என்ன, ரெண்டு மெழுகுதிரியைக் கொளுத்தி வச்சுப்போட்டு முழங்காலிலை நிக்கிறதோ? பெயர் வாசிக்கேக்க என்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைப்பன்?"

"அதுக்கு?"

"சங்கக் காசைத் தாரும். பெருநாள் முடிய உண்டியல் காசிலை திருப்பித் தருவினம். மாதாவுக்குச் செய்யிறது, வீண்போகுமோ?"

அவள் கொடுத்தாள். அந்த இடத்தில்தான் அவள் இப்போதும் இடறினாள். பீலிக்ஸ் வற்புறுத்தினான் என்று யாருக்கும் சொல்லலாம். தனக்குத் தானே எப்படிச் சொல்வது? ஒலிபெருக்கியில் 'ஏழாம் நவநாளைச் சிறப்பிப்போர் கால்சாத் தீக்காவல் சங்கத்தார்' என்று பெயர் முழங்கியபோது, பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் தோளைத் தட்டியபோது, அவள் நெஞ்சு நிமிர்ந்ததே. அதை யார் வற்புறுத்தினார்கள்?

மாதா சுரூபம் வைத்த கூடு தெருவெல்லாம் சுற்றி வந்து முடிந்ததும் வாணம் விட்டார்கள். தீயை அணைக்கச் சேர்த்த காசு வானத்தில் தீயாகப் பூத்து, பச்சையாய்ச் சிவப்பாய் உதிர்ந்து, புகையாய்ப் போயிற்று. உண்டியலிலிருந்து திரும்பி வருமென்ற காசும் வரவில்லை. வயிற்றுக்குச் சேர்த்த காசு பகட்டுக்குப் போனால் திருட்டு என்கிறோம். உயிர்காக்கச் சேர்த்த காசு பக்திக்குப் போனால் மட்டும் புண்ணியம் என்கிறோமே, இது எந்தத் தராசில் நிறுத்த நியாயம்?

"மா, அந்தியாமோ, போவம்! சாப்பாடு ஆறுது."

மகள் அனிற்றா சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் பலேர்மோப் பிள்ளைகளின் வாய்க்கு வாய் கொடுத்துப் பழகியவள். வியாழனன்று ஆசுபத்திரியில் டாக்டர் சொன்னதையெல்லாம் சோதிலிங்கத்தின் மனைவி இராசேஸ்வரிக்குத் தமிழாக்கிச் சொன்னவளும் அவள்தான். "தோல் புதுசா வரும், ஆனா விரல் பழையபடி மடங்குமோ தெரியாது" என்ற வாக்கியத்தை அவள் சொல்லி முடித்தபோது அவளுடைய குரலே மாறிப்போயிருந்தது.

"கூட்டத்துக்கு நேரத்தோட வாரும். ஒண்டும் கதைக்க வேண்டாம். நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றான் பீலிக்ஸ்.

*

சோதிலிங்கத்தின் வீட்டுச் சாமித் தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் பலேர்மோவின் காவல் புனிதை ரொசாலியா பூமாலையோடு நின்றாள். அவளுடைய மலைக்கு நேற்று இராசேஸ்வரி வெறுங்காலோடு ஏறிவிட்டு வந்திருந்தாள், பாதத்தில் கொப்புளம்.

"வாங்கோ அக்கா!" சோதிலிங்கம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். முழங்கைவரை வெள்ளைக் கட்டு. "கை குடுத்து வரவேற்கலாம், ஆனா குத்துச்சண்டைக்குக் கூப்பிடுறன் எண்டு நினைச்சிடுவீங்கள்."

"வாய் மட்டும் வேகேல்லை" என்றாள் இராசேஸ்வரி. சொல்லிவிட்டு அந்தச் சொல்லுக்காகவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அற்புதமலர் கேரியரைத் திறந்தாள். மீன் தீயலும் புட்டும். இராசேஸ்வரி குழைத்து ஊட்ட, சோதிலிங்கம் வாங்கி விழுங்கினான். உணவுச்சாலையில் பகல் முழுதும் பெரிய பெரிய சட்டிகளைத் தேய்த்துக் கவிழ்க்கிற கைகள் மடியில் இரண்டு மூட்டைகளாய்க் கிடந்தன.

"அக்கா, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்." அவன் குரல் இறங்கிற்று. "இரவு முழுக்க அதுதான் மண்டைக்குள்ள ஓடுது. நான் செய்து காட்டுறன். எதிலை பிழை விட்டனான் எண்டு சொல்லுங்கோ. நீங்கள்தானே எங்களுக்குக் காட்டித் தந்தனீங்கள்."

அவன் கட்டுப் போட்ட கைகளை உயர்த்தினான். காற்றில் ஒரு போத்தலைத் தூக்கினான்.

"முதலிலை கவிட்டுக் குலுக்கினன். சரியோ?"

"ம்."

"பிறகு பூட்டு வளையத்தை இழுத்தன். இழுத்த மாதிரித்தான் கிடக்கு. பிறகு நெருப்பின்ரை தலையைப் பார்க்காதை, காலைப் பார் எண்டு நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. காலைப் பார்த்துப் பிடிச்சன். அமுக்கினன்." அமுக்கிக் காட்ட முயன்றவன் வலியில் பல்லைக் கடித்தான். "இதிலை எது பிழை?"

ஒன்றுமில்லை. ஒரு மயிரிழை பிழையில்லை. அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவளைவிடச் சரியாகச் செய்திருந்தான். 'தம்பி, பிழை உன்னிலை இல்லை' என்ற வாக்கியம் அவள் தொண்டையின் விளிம்புவரை வந்தது. இராசேஸ்வரியின் கண்கள் அவளையே பார்த்தன. அனிற்றாவின் கண்களும் பார்த்தன.

"பதட்டத்திலை..." என்றாள் அற்புதமலர்.

அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை அவனே சொல்லி முடித்தான்.

"ஓம், ஓம். பதட்டம்தான். வளையம் முழுக்க வந்திராது. நானும் அதைத்தான் நினைச்சனான்." அவன் சிரிக்க முயன்றான். "இராசேஸ், அதை எடுத்துக் குடு."

இராசேஸ்வரி ஆணியில் தொங்கிய விசிலைக் கழற்றினாள். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, வீட்டுக்காரன் வாடகை கேட்டுக் கதவைத் தட்டிப்போட்டான். சங்க விதிப்படி காசு வருமெண்டு நான் நம்பியிருந்தன். இவர் வேண்டாமாம்."

"என்னெண்டு வாங்கிறது? சங்கத்தின்ரை மானத்தை வாங்கினவன் சங்கத்தின்ரை காசையும் வாங்கிறதோ?" என்றான் சோதிலிங்கம். "கூட்டத்திலை சொல்லிவிடுங்கோ அக்கா. எனக்குக் காசு வேண்டாம். விசிலை இன்னொரு நல்ல கைக்குக் குடுங்கோ."

விசில் அற்புதமலரின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. பட்டாணிக் கடலையளவு உருண்டை உள்ளே உருண்டது.

படிக்கட்டில் அனிற்றா பின்னால் இறங்கினாள். நடுத்தட்டில் நின்றாள்.

"அம்மா, அந்த மாமா எல்லாம் சரியாத்தானே செய்தவர்."

"நட."

"நீங்கள் என்னையும்தானே பழக்கினீங்கள். எனக்குத் தெரியும். ஒண்டும் பிழையில்லை. பிறகு பெர்கே? ஏன் பதட்டம் எண்டு சொன்னனீங்கள்?"

"அனிற்றா, பேசாமல் நட."

"வீட்டிலை அந்தப் போத்தலை ஏன் மூடி வச்சிருக்கிறீங்கள்?"

அற்புதமலர் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. மகள் பின்வாங்கவில்லை, அடிக்கட்டும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டும் நிற்கவில்லை. வெறுமனே பார்த்தாள். போத்தலின் கழுத்திலிருந்த கண்ணும் இப்படித்தான் பார்த்தது.

கை தானாக இறங்கிற்று.

"நீ மண்டபத்துக்குப் போ. நான் வீட்டை போட்டு வாறன்."

*

சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும் சில்லுப் பையை இழுத்துக்கொண்டு அற்புதமலர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது கூட்டம் பாதி வழி போயிருந்தது. பைக்குள் ஏதோ கனமானது இருந்தது, மேலே துவாய். சில்லுகள் கற்தரையில் கடகடத்தன.

"தனாதிகாரி கூட்டத்துக்கும் கத்தரிக்காயோடதான் வருவா போல" என்று யாரோ சொல்ல, பின்வரிசை சிரித்தது.

மேடையில் சங்கத் தலைவர் விக்னராஜா. தொலைபேசிக் கடைக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. சொல்லுக்குச் சொல் இருமல்.

"ஆகவே, சபையோரே, பயிற்சி போதாத கையிலை கருவி இருப்பது கருவி இல்லாததைவிட ஆபத்து. சோதிலிங்கத்தின்ரை துணிவை நான் குறை சொல்லேல்லை. ஆனால் பதறின கை தொண்டர் படைக்கு உதவாது. அவரை நீக்குவது எண்டு பிரேரிக்கிறன்."

"அவர் ஒடியல் கூழுக்கு உப்புப் போடவே மூண்டு தரம் யோசிக்கிற ஆள்!"

"யோசிச்சு முடிக்க வீடு எரிஞ்சிடும்!"

மறுபடி சிரிப்பு. அற்புதமலரின் கைக்குள் விசில் வியர்த்தது.

பீலிக்ஸ் எழுந்தான். சிரிப்பு அடங்கக் காத்திருந்தான். "நடந்தது நடந்திட்டுது. மனிதாபிமானம் எண்டு ஒண்டு இருக்கு. சோதிலிங்கத்தின்ரை குடும்பத்துக்கு வீட்டுக்குப் பத்தாயிரம் லீரா சேர்ப்பம். என்ரை பங்கை இப்பவே வைக்கிறன்."

கைதட்டல். பீலிக்ஸ் நோட்டை மேசையில் வைத்தான். வைத்தபோது மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏன் சேர்க்கவேணும்?"

புனிதமலர். இடுப்பில் குழந்தை. ஒரு பக்கத் தலைமயிர் பொசுங்கிக் கட்டையாய் நின்றது. "காயப்பட்டால் சங்கம் குடுக்கும் எண்டுதானே விதி. மாதா மாதம் சந்தா கட்டுறம்தானே. அந்தக் காசு எங்கை? அந்த மனுசன் பிச்சை எடுக்கிற ஆளோ?"

மண்டபம் அற்புதமலரைத் திரும்பிப் பார்த்தது.

"தனாதிகாரி சொல்லட்டும்" என்று இருமினார் விக்னராஜா.

பேச வேண்டாம் என்று பீலிக்ஸின் கண்கள் கெஞ்சின. அவள் பையை மேடைவரை இழுத்துக்கொண்டு போனாள். துவாயை உருவினாள். சிவப்புப் போத்தலை இரண்டு கையாலும் தூக்கி, தலைவரின் மேசையில், பீலிக்ஸ் வைத்த நோட்டுக்கு மேலேயே வைத்தாள்.

"நாலாம் படிக்கட்டுப் போத்தல். தலைவர் பயிற்சி எடுத்தவர்தானே. ஒருக்கா அமுக்குங்கோ அண்ணை."

விக்னராஜா வெள்ளைச் சட்டையைக் காப்பாற்றப் பின்னால் நகர்ந்தார். "வளையத்தை எடுக்கவேணும் எல்லோ."

"எங்கை வளையம்? பாருங்கோ."

பார்த்தார். வளையம் இல்லை.

"சோதிலிங்கம் இழுத்திட்டார். முழுக்க இழுத்திட்டார். நீங்கள் அமுக்குங்கோ."

முன்வரிசைக்காரர் கதிரையோடு ஒதுங்கினார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். விக்னராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு அமுக்கினார்.

போத்தல் இருமக்கூட இல்லை. தலைவரும் இருமவில்லை.

"இப்ப நீங்கள் பதறினீங்களோ அண்ணை?"

ஒரு குருவி மண்டபத்து உத்தரத்தில் சிறகடித்தது கேட்டது.

"இந்த முள் யூலையிலையே சிவப்பிலை விழுந்திட்டுது. நான் கண்டனான். கண்டுபோட்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. தூள் மாத்த வச்சிருந்த காசை எடுத்துக் குடுத்தனான். சோதிலிங்கம் ஒரு பிழையும் செய்யேல்லை. காலமை அவரே என்னட்டைக் கேட்டார், எதிலை பிழை எண்டு. அப்பவும் நான் சொல்லேல்லை. அவர் வெந்தது நெருப்பாலை இல்லை. என்னாலை."

"காசு எங்கை?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. சற்று முன் சிரித்த அதே குரல்.

அற்புதமலர் கையை உயர்த்தி முகட்டைக் காட்டினாள்.

"மேலை. ஏழாம் நவநாள் அண்டு கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக் கை தட்டினீங்களே. அங்கை."

முகட்டைப் பார்த்த தலைகள் ஒவ்வொன்றாய்க் குனிந்தன.

கை தட்டியவர்களில் ஒருவராவது அன்று கேட்டார்களா? தீக்காவல் சங்கத்துக்கு வாணத்துக்கு ஏது காசு என்று கேட்க ஒரு நாக்கு அசைந்ததா? சீசாக்காரரைத் தோற்கடித்த பூரிப்பில் எல்லா நாக்கும் இனித்துக் கிடந்தன. எல்லோரும் உண்ட இனிப்புக்கு ஒருவன் மட்டும் கையால் விலை கொடுத்தான். இந்தக் கேள்விகளை அவள் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு உரிமை இல்லை. ஆனால் குனிந்த தலைகள் தாமே கேட்டுக்கொண்டன.

புனிதமலர் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் அற்புதமலருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"அக்கா," என்றாள் மெல்ல, "அண்டைக்கு அந்த வாணத்தைக் காட்டித்தான் இவனுக்குச் சோறு தீத்தினனான்."



"கொஞ்சம் பொறுங்கோ." பெருநாள் குழுவின் கணக்குப் பார்க்கும் யோசேப் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தங்கச்சி, எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"இருந்த முழுக்காசும். ஆறு இலட்சம் லீரா."

"எங்களுக்கு வந்தது மூண்டு இலட்சம்."

"இல்லை அண்ணை, ஆறு."

"மூண்டுதான் தங்கச்சி. வாணக்காரனுக்கு என்ரை கையாலை எண்ணிக் குடுத்தனான். உங்கட பகுதிக் காசு வழமையா யார் கொண்டுவந்து தாறவர்?"

பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். பீலிக்ஸ் இருந்த கதிரை வெறுமையாக இருந்தது. பக்கக் கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

*

துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் ஊதிற்று. அற்புதமலர் ஒரு கணம் அந்தத் திசையைப் பார்த்தாள். ஆனால் நடையை மாற்றவில்லை. முதலில் எங்கே போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அனிற்றா பின்னாலேயே வந்தாள்.

இம்முறை இராசேஸ்வரி உட்காரச் சொல்லுமுன்னே அற்புதமலர் பேசினாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முள்ளைச் சொன்னாள். காசைச் சொன்னாள். வாணத்தைச் சொன்னாள். காலையில் தான் விழுங்கிய வாக்கியத்தையும் சொன்னாள்.

சோதிலிங்கம் கட்டுப் போட்ட கைகளை மறுபடி காற்றில் உயர்த்தினான்.

"அப்ப நான் வளையத்தை இழுத்தனான்."

"இழுத்தனீங்கள் தம்பி. முழுக்க."

"காலைப் பார்த்துத்தான் பிடிச்சனான்."

"ஓம்."

"அப்ப நான் சரியாத்தான் செய்திருக்கிறன்." அவன் சிரித்தான். கண்ணீரோடு, குழந்தை சிரிப்பதுபோல் சிரித்தான். "இராசேஸ், கேட்டியோ? நான் பதறேல்லை!"

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தினான். வெள்ளை மூட்டை முகத்தில் இடித்தது. அப்போதுதான் சிரிப்பு நின்றது. கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப இது எனக்கு ஏன் அக்கா?"

அற்புதமலர் விசிலை நீட்டினாள். அதை இராசேஸ்வரி வாங்கினாள்.

"கழுத்திலை போட்டுவிடு" என்றான் சோதிலிங்கம், மனைவியிடம்.

போட்டுவிட்டாள். பிறகு உள்ளே போய்க் கேரியரைக் கொண்டுவந்தாள். கழுவித் துடைத்து, அடுக்கிப் பூட்டியிருந்தாள்.

"அக்கா, காலமை சாப்பிட்டதுக்கு உங்களுக்குக் கோடி புண்ணியம். இனிச் சாப்பாடு கொண்டு வராதேங்கோ."

கதவு அறைந்து சாத்தப்படவில்லை. மெல்லச் சாத்தப்பட்டது.

அவள் இறங்கினாள். சந்து திரும்பினால் நாலாம் படிக்கட்டு. போத்தல் மாட்டியிருந்த கொளுக்கி சுவரில் வெறுமையாய் நின்றது. புகைக்கரி அதைச் சுற்றி இன்னும் போகவில்லை. கொளுக்கிக்குக் கீழே, சுவரோடு சாய்ந்து, பீலிக்ஸ்.

ஓடவில்லை. இங்கேதான் வந்திருந்தான்.

"மிச்சக் காசு எங்கை?"

"வீட்டை வாரும். சொல்லுறன்."

"இஞ்சையே சொல்லுங்கோ."

மேலே ஒரு கதவு திறந்தது. அதற்கு மேலே இன்னொன்று. பீலிக்ஸ் மனைவியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தான். அகன்ற தோள்கள் ஒடுங்கியிருந்தன.

"பிள்ளையை வீட்டை போகச் சொல்லும்."

அனிற்றா அம்மாவின் கையிலிருந்த கேரியரை வாங்கித் தரையில் வைத்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். அங்கிருந்து அசையவில்லை.

(அடுத்த வாரம் தொடரும்)